பட்டன் மேல் ஒட்டிய பிளாஸ்திரி

பதினெட்டு வருடம் ஒரே ஹோட்டலில் கீபோர்டு வாசித்த மனிதருக்குக் கீபோர்டு வாசிக்கத் தெரியாது என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டே வாருங்கள், அவசரமில்லை. விஷயம் அதுதான். அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு சுருதி.

பாடுகிறவர்கள் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை, இரண்டு கட்டை என்று ஏழு வரைக்கும் போகும். மூன்றரை மட்டும் கிடையாது, ஏன் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. மொத்தம் பன்னிரண்டு. இந்தப் பன்னிரண்டில் ஒரு கட்டைதான் சுலபம், கறுப்புக் கீயைத் தொடாமலே காலத்தை ஓட்டிவிடலாம். நம்மவர் அப்படித்தான் ஓட்டினார். பாடுகிறவருக்கு வேறு சுருதி வேண்டுமென்றால் கீபோர்டின் இடது ஓரத்தில் இருந்த ஒரு சின்ன பட்டனைத் தட்டுவார். ஒரு தட்டுக்கு அரைக் கட்டை ஏறும். விரல் பழைய இடத்திலேயே ஓடும், சத்தம் மட்டும் வேறு சுருதியில் வரும். இதைக் கண்டுபிடித்தவன் நன்றாக இருக்கட்டும் என்று தினமும் மனசார வாழ்த்துவார்.

அவருக்குப் பட்டன் என்று பெயர் வைத்தது மச்சான். மனைவியின் தம்பி, அதே மேடையில் டிரம்ஸ் வாசிப்பவன். "மாமா, எல்லாருக்கும் பத்து விரல். உங்களுக்கு மட்டும் அந்தப் பட்டனையும் சேர்த்துப் பதினொண்ணு" என்று ஒருநாள் எல்லோர் முன்னாலும் சொன்னான். அன்றிலிருந்து சமையல்காரர் முதல் வாட்ச்மேன் வரைக்கும் அவர் பட்டன் ஆகிவிட்டார். கோபித்துக்கொள்ளவில்லை. காலையில் அதே ஹோட்டலின் துணி வேனை ஓட்டுவார். அழுக்குப் படுக்கை விரிப்புகளைச் சலவைக்குக் கொண்டுபோய்ப் போட்டு, வெளுத்ததை ஏற்றிக்கொண்டு வருவார். சாயங்காலம் சட்டையை மாற்றிக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்தின் மூலையில் கீபோர்டு முன்னால் உட்காருவார். மனைவி பாடுவாள்.

அவள் பாடினால் கைதட்டலெல்லாம் கிடையாது. சாப்பிடுகிறவர்கள் கரண்டியைச் சத்தம் வராமல் தட்டில் வைப்பார்கள், அவ்வளவுதான். அதைப் பார்க்கத்தான் பட்டன் பதினெட்டு வருடம் அந்த மூலையில் உட்கார்ந்திருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் பாடியது ஜாஸ் பாட்டுகள். கேட்க என்னமோ பெரிய வித்தை மாதிரி இருக்கும். அடியில் ஓடுவது பெரும்பாலும் ஒரே நடை. இரண்டில் கிளம்பி, ஐந்தில் நின்று, ஒன்றில் வந்து உட்கார வேண்டும். இரண்டு, ஐந்து, ஒன்று என்பதெல்லாம் நாலு விரலால் சேர்த்து அமுக்குகிற கார்டுகள், எந்தச் சுருதியோ அதிலிருந்து எண்ண வேண்டியது. ஐந்தில் நிற்கும்போது வீட்டு வாசலுக்கு வந்த மாதிரி இருக்கும். ஒன்றில் உள்ளே போய்விடலாம்.

ஐந்து வந்ததும் அவள் மூச்சை இழுப்பாள். ஒன்று வரும்போது பாட்டு வந்திருக்கும். இடது கையில் விழுகிற அந்த ஐந்தின் அடிச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் உள்ளே வருகிறாள் என்பது அவளுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஒருநாளும் தவறாத ஒன்றைப் பற்றி யார் உட்கார்ந்து பேசுவார்கள்?

போன வருடம் அவள் தொண்டையில் கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை என்றதும் பட்டன் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். குரலைப் பற்றி அப்போது யாருக்கும் நினைவில்லை. மூன்று மாதம் வெறும் காற்றுதான் வந்தது. பிறகு குரல் என்று ஒன்று வந்தது. ஐந்தரைக் கட்டையில் பாடிக்கொண்டிருந்தவளுக்கு இரண்டரைக் கட்டையில் வந்தது. அதுவும் நிலையில்லை, சில நேரம் இரண்டுக்கு இறங்கிவிடும். டாக்டரம்மா தொண்டைக்குள் அடித்துப் பார்த்த விளக்கை அணைத்துவிட்டு, "திரும்பி வந்தது இவ்வளவுதான்மா. பாடினா தங்கும். சும்மா விட்டா இதுவும் போயிடும்" என்றார்.

அவள் வீட்டுக்கு வந்து ஒரு நாள் முழுக்க யோசித்தாள். மறுநாள் சொன்னாள். "மேடையில ஒரே ஒரு தடவை பாடிப் பார்க்கறேன். வந்தா வந்தது. வரலைன்னா அதோட சரி. அப்புறம் என்னை யாரும் பாடச் சொல்லக் கூடாது."

மற்றவர்கள் இப்படிச் சொன்னால் கோபத்தில் சொல்கிறார்கள் என்று விட்டுவிடலாம். இவள் அந்த ரகம் இல்லை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு மதியம் வீட்டுக் கட்டடத்தின் லிஃப்டில் இருபது நிமிடம் மாட்டிக்கொண்டாள். இனி இதில் ஏறமாட்டேன் என்றாள். கட்டி அறுத்துவிட்டு வந்த அன்றைக்கும் மூன்று மாடியைத் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தேதான் ஏறினாள். அதனால் அந்த ஒரே ஒரு தடவைதான் எல்லாம் என்று பட்டனுக்கு நன்றாகத் தெரிந்தது. சுருதியைப் பற்றி மட்டும் அவர் கவலைப்படவில்லை. அரைக் கட்டை இறங்கினால் ஒரு தட்டு, ஏறினால் ஒரு தட்டு. அதற்குத்தானே பட்டன் இருக்கிறது?

அப்போதுதான் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். கூடத்தை இடித்துக் கட்டுகிறார்கள், நாலு மாதத்தில் திறப்பு. "பழைய மாதிரி ஒயரெல்லாம் தொங்கறது நல்லாயில்லைங்க. பியானோ வாங்கிட்டோம். இனிமே அதுதான்" என்று சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவில் போர்வை போட்டு மூடியிருந்ததைக் காட்டினார். "திறந்த பிறகு வர்ற முதல் ஞாயிற்றுக்கிழமை மதியம் நீங்க, அம்மா, தம்பி மூணு பேரும் வாங்க. சரியா வந்தா தொடரலாம். இல்லைன்னா ஸ்பீக்கர்ல பாட்டுப் போட்டுக்கறோம். உங்களுக்கென்ன, பதினெட்டு வருஷ அனுபவம்."

பட்டன் போர்வையை விலக்கி மூடியைத் திறந்தார். இடது கை பழக்கத்தில் ஓரத்துக்குப் போய்த் தடவியது. அங்கே மரம்தான் இருந்தது.

மேனேஜரிடம் அன்றே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் எப்படிச் சொல்வது? பதினெட்டு வருடம் சம்பளம் வாங்கிக்கொண்டு, எனக்கு ஒரு சுருதிதான் தெரியும் ஐயா என்று எந்த வாயால் சொல்வது? வீட்டுக்கு வந்தார். மனைவியின் கழுத்துக் காயத்துக்கு வாங்கியதில் மிச்சமிருந்த பிளாஸ்திரியைக் கிழித்து, கீபோர்டின் பட்டன் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினார். மனைவி பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அதுக்கும் ஆபரேஷனா?" என்றாள்.

"இனிமே பன்னிரண்டு சுருதியிலும் கையாலயே வாசிக்கப் போறேன். அன்னைக்கு உன் குரல் எங்க போய் நின்னாலும் நான் அங்க இருப்பேன்."

அவள் அன்று அவருக்கு இரண்டு தடவை டீ போட்டுக் கொடுத்தாள்.

ஐம்பத்திரண்டு வயதில் விரலைப் புதிதாகப் பழக்குவது எவ்வளவு கொடுமை என்று அனுபவித்தவர்களைக் கேட்டால் தெரியும். காலை வேலை முடிந்ததும் வந்து இஸ்திரி மேஜை மேல் கீபோர்டை வைத்துக்கொண்டு உட்காருவார். ஒரு கட்டையில் இரண்டு, ஐந்து, ஒன்று. ஒன்றரைக் கட்டையில் இரண்டு, ஐந்து, ஒன்று. இப்படியே ஏழு கட்டை வரை ஏறி, மறுபடி இறங்க வேண்டும். நாலரைக் கட்டையில் எங்கே பார்த்தாலும் கறுப்புக் கீதான். சுண்டு விரல் போய் விழுகிற இடமெல்லாம் தப்பு. இன்று ஒரு சுருதி பிடிபட்டால் நேற்றுப் பிடிபட்டது கைவிட்டுப் போயிருக்கும். கீழ்வீட்டில் பல் டாக்டரின் கிளினிக். அவர் ஒருநாள் படியில் பார்த்து, "சார், என் பேஷண்டுங்க டிரில்லிங் மிஷினே தேவலைங்கறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வேன் சிக்னலில் நின்றால் ஸ்டியரிங்கின் மேல் விரல் தானாக ஓடும். பின்னால் ஹாரன் அடித்தால்தான் நினைவு வரும்.

மனைவி வீட்டில் பாடவே இல்லை. கெஞ்சிப் பார்த்தார். "இங்க பாடி வரலைன்னா அங்க வர்றதுக்கே தைரியம் இருக்காதுங்க. நீங்க வாசிங்க, நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றாள். சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். எந்தச் சுருதியில் அவர் தடுமாறினாலும் கத்தி நிற்கும். சரியானதும் மறுபடி நறுக்கும்.

மூன்றாவது மாதம் ஒரு அதிசயம் நடந்தது. பன்னிரண்டும் கைக்கு வந்துவிட்டது. பட்டன் கண்ணை மூடிக்கொண்டு மேலே போய்க் கீழே வந்தார், ஒரு விரல் பிசகவில்லை. அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஐந்துக்குப் பதிலாக வேறு கார்டு போடுகிற ஒரு வித்தை இருக்கிறது. பன்னிரண்டு கார்டையும் கடிகாரம் மாதிரி வட்டமாக அடுக்கினால் ஐந்துக்கு நேர் எதிரில் நிற்குமே, அந்தக் கார்டு. இரண்டுக்கும் நடுச் சத்தங்கள் ஒன்றுதான் என்பதால் மேலே ஒன்றும் கெடாது. அடிச் சத்தம் மட்டும் இடம் மாறும். இரண்டிலிருந்து ஐந்துக்குத் தாவாமல், அரை அரையாக வழுக்கிக்கொண்டு ஒன்றில் இறங்கும். ஒரு வீடியோவில் பார்த்து வாசித்துப் பார்த்தார். உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்த வயது வரைக்கும் அவர் கை வாசித்த எதுவும் அவரையே சிலிர்க்க வைத்ததில்லை. பைத்தியம் பிடித்துவிட்டது என்றே சொல்லலாம். அதையும் பன்னிரண்டு சுருதியிலும் பழகினார். ஐந்து வர வேண்டிய இடத்திலெல்லாம் விரல் தானாக எதிர் கார்டுக்கு ஓட ஆரம்பித்தது.

சமையலறையில் கத்தி நின்றது. "என்னங்க அது, நடுவுல?"

"பதில் கார்டு. எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா காலை வைக்கப் போற இடத்துல படியைக் காணோமே."

அவர் சந்தோஷமாகச் சிரித்தார். மச்சானுக்குப் போன் போட்டு, "உங்க அக்காவே அசந்துட்டா" என்றார். மனிதர் காதில் அன்று என்னதான் அடைத்துக்கொண்டிருந்ததோ தெரியவில்லை. அவள் சொன்னதை அப்படியே கேட்டிருந்தால் போதும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. கூடம் புதுப் பெயிண்ட் வாசனையோடு நிறைந்திருந்தது. அவள் கழுத்துத் தழும்பு தெரியாமல் ஒரு மெல்லிய துணியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பட்டன் இரண்டரைக் கட்டையில் ஆரம்பித்தார். இரண்டு. ஐந்து. வம்பு ஒன்றும் செய்யாமல் வெறும் ஐந்து. அவள் மூச்சை இழுத்தாள். ஒன்றில் குரல் வந்து உட்கார்ந்தது.

பழைய குரல் இல்லை அது. கரகரவென்று, வேறு யாரோ ஒரு மூத்தவள் அவளுக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி இருந்தது. ஆனால் பாடியது. ஜன்னலோரத்தில் ஒருவர் கரண்டியைச் சத்தமில்லாமல் தட்டில் வைத்தார். மச்சான் டிரம்ஸை வாசித்துக்கொண்டே கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டான். பட்டனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

முதல் சரணம் முடியும்போது அவள் கட்டை விரலைக் கீழே காட்டினாள். அவர்களுக்குள் பழைய சைகைதான், அரைக் கட்டை இறக்குங்கள் என்று அர்த்தம். முன்பெல்லாம் ஒரு தட்டு. இன்று பட்டன் கண் இமைக்கிற நேரத்தில் கையாலேயே இரண்டு கட்டைக்கு இறங்கினார். கூடத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. மச்சானுக்குத் தெரிந்தது. வாயைப் பிளந்து மாமாவைப் பார்த்தான். பதினெட்டு வருடக் கேலிக்கும் சேர்த்து அந்த ஒரு பார்வை போதும்.

அந்தப் பார்வைதான் குடியைக் கெடுத்தது. பட்டனுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டாவது சரணத்துக்கு அவளை உள்ளே கூப்பிட வேண்டிய இடம் வந்தது. இரண்டை வாசித்தார். ஐந்து வர வேண்டிய இடத்தில், யாரைக் கேட்டதோ, கை வழுக்கிக்கொண்டு எதிர் கார்டில் போய் விழுந்தது. அழகாகத்தான் விழுந்தது.

இரண்டு கட்டையில் அந்த எதிர் கார்டின் அடிச் சத்தம் எது தெரியுமா? இரண்டரைக் கட்டை. ஒரு நிமிடத்துக்கு முன்னால் அவள் நின்று பாடிய பழைய சுருதி. அவள் காது அதைக் கேட்டது, மறுபடி ஏற்றிவிட்டார் என்று நம்பியது, அவள் மூச்சை இழுத்து அங்கேயே போய் நின்றாள். பியானோ இரண்டு கட்டையில் இறங்கிவிட்டது. குரலும் பியானோவும் அரைக் கட்டை இடைவெளியில் முட்டிக்கொண்டன. கேட்கச் சகிக்கவில்லை. அவள் திடுக்கிட்டுக் கீழே இறங்கப் பார்த்தாள். அறுத்துத் தைத்த தொண்டை, சட்டென்று திரும்பச் சொன்னால் எப்படித் திரும்பும்? குரல் உடைந்து காற்றாகப் போயிற்று.

பட்டன் உடனே மறுபடி வாசித்தார். இரண்டு, ஐந்து. அவள் வரவில்லை. இரண்டு, ஐந்து. கண்ணாலேயே கெஞ்சினார். இன்னொரு தடவை. அவள் மைக்கை அதன் இடத்தில் பத்திரமாக மாட்டிவிட்டு, சாப்பிடுகிறவர்களைப் பார்த்து மன்னிப்புக் கேட்கிற மாதிரித் தலையசைத்துவிட்டு, கூடத்தைக் கடந்து வெளியே போனாள்.

மேனேஜர் நல்ல மனிதர், அதுதான் கொடுமை. பியானோ பக்கத்தில் குனிந்து, "பாவம், முடியாதவங்களை ஏன் கஷ்டப்படுத்தறீங்க? அம்மா ஓய்வெடுக்கட்டும். நீங்க பிரமாதமா வாசிச்சீங்க. தம்பியும் நீங்களும் மட்டும் நாளையிலிருந்து வந்துடுங்க" என்றார்.

அவள் வேனில், வெளுத்துக் கட்டிய விரிப்பு மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "போச்சுங்க. தொண்டை ஏமாத்திடுச்சு" என்றாள்.

"உன் தொண்டை இல்லை. என் கை. ஐந்து போட வேண்டிய இடத்துல அந்தப் பதில் கார்டைப் போட்டுட்டேன். அதுதான் உன்னைத் தப்பான இடத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போயிடுச்சு."

"எனக்காகப் பொய் சொல்லாதீங்க."

"சத்தியமாச் சொல்றேன்மா."

"நான் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்? நீங்க ஒரு இடத்துல கூடத் தப்பா வாசிக்கலை. நாலு மாசம் உயிரைக் கொடுத்துப் பழகினீங்க. என்னாலதான் எல்லாம் வீணாப் போச்சு." அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துத் தடவிக் கொடுத்தாள்.

அவர் தப்பாக வாசிக்கவில்லைதான். இலக்கணப்படி எல்லாம் சரி. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மச்சான் வீட்டுக்கு வந்து, "அக்கா, மாமா சொல்றது நிஜம். நானும் கேட்டேன்" என்றான். "நீயும் மாமாவோட சேர்ந்துக்கிட்டியா? நல்ல பிள்ளைங்க" என்று சொல்லி இரண்டு பேருக்கும் சோறு போட்டாள். பட்டன் ஒரு காகிதத்தில் பன்னிரண்டு சுருதியையும் வட்டமாக எழுதிக் காட்டினார். அவள் பொறுமையாகப் பார்த்தாள், நோயாளிக்குத் தலையாட்டுகிற மாதிரித் தலையாட்டினாள். அவள் நம்ப ஒரே வழிதான் இருந்தது. அதே இடத்தில் அவர் ஐந்தை வாசிக்க வேண்டும், அவள் பாட வேண்டும். சரியாக வரும். வந்தால் தெரிந்துவிடும்.

"ஒரே ஒரு தடவை. ஒரே ஒரு வரி" என்று காலில் விழாத குறையாகக் கேட்டார்.

"நான்தான் முன்னாடியே சொல்லிட்டேனே" என்றாள் அவள். கோபமே இல்லாமல் சொன்னாள். வாசலில் லிஃப்ட் வழக்கம்போல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

இப்போது பட்டனை ஹோட்டலில் யாரும் பட்டன் என்று கூப்பிடுவதில்லை. பியானோ மாஸ்டர் என்கிறார்கள். எந்தப் பாடகி வந்து எந்தச் சுருதியைக் கேட்டாலும் அந்த நிமிடமே வாசிப்பார். பதில் கார்டை மட்டும் தொடுவதில்லை. ஏன் மாஸ்டர் அதை வாசிக்க மாட்டேங்கறீங்க என்று கேட்டால் கை வலி என்பார். வீட்டில் அவள் பேச்சும் குறைந்துகொண்டே வந்தது. டாக்டரம்மா சொன்ன மாதிரியே, பாடாத குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. பால்காரரிடம் பேசினால் அவர் "என்னம்மா?" என்று இரண்டாவது தடவை கேட்கிறார். பட்டன் தினமும் வேலை முடிந்து வந்து, இஸ்திரி மேஜை முன்னால் உட்கார்ந்து, பன்னிரண்டு சுருதியிலும் வெறும் இரண்டு, ஐந்து, ஒன்று வாசித்தார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

ஒருநாள் அவர் உள்ளே வரும்போது அவள் கீபோர்டை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். பட்டன் மேல் இருந்த பிளாஸ்திரியை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டிருந்தாள். ஒட்டியிருந்த பசையைக்கூட விடாமல் துடைத்திருந்தாள்.

"அதை ஏன் எடுத்தே?"

"இது இன்னும் எதுக்குங்க? இனிமே யாருக்காக நீங்க பன்னிரண்டு இடத்துக்கும் அலையணும்? வீட்டுல இருக்கும்போதாவது உங்களுக்குச் சுலபமானதை வாசிங்க." பாதி சத்தமாகவும் பாதி காற்றாகவும் வந்தது.

சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். காய் நறுக்குகிற சத்தம் கேட்டது. பட்டன் உட்கார்ந்தார். கீபோர்டின் பட்டனைத் தொடவில்லை. இரண்டு கட்டையில், அன்று அவளை உள்ளே கூப்பிட்ட அதே இடத்தை எடுத்தார். இரண்டை வாசித்தார். பிறகு ஐந்தை வாசித்து, விரலை எடுக்காமல் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

சமையலறையில் கத்தி நின்றது. அவள் மூச்சை இழுக்கும் சத்தம் அவருக்குத் தெளிவாகக் கேட்டது. பதினெட்டு வருடப் பழக்கம், அவளுக்கே தெரியாமல் இழுத்திருப்பாள். பட்டன் ஒன்றை வாசித்துவிட்டுக் காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கத்தி மறுபடி நறுக்க ஆரம்பித்தது.